கட்லெட் டாக்டருக்கு அவள் அம்மா

பத்மா,

நேற்று நாம் பேசிக்கொண்டிருந்தபோது தொலைபேசி தானாகத் துண்டிக்கப்படவில்லை. நான்தான் வைத்தேன். வருகிற வியாழக்கிழமை உன் கல்லூரியில் நடக்கிற நேர்காணலுக்கு உன் சித்தப்பா மகன் பிரகாஷ் வருகிறான் என்றாய். தேர்வுக் குழுவில் நீயும் ஒருத்தி என்றாய். உறவு என்பதால் முதல்வரிடம் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், "யாருக்கும் சங்கடம் வேண்டாம்மா" என்றாய். அதற்கு மேல் கேட்க எனக்கு மனமில்லை. பேச்சில் நீ என்னை வென்றுவிடுவாய். ஒன்றை நிறுவிக் காட்டுவது உன் தொழில். எழுத்தில் இடைமறிக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு உன் விருப்பம்போல் செய் என்று முடிக்கிற கடிதம் இல்லை இது. நான் சொல்கிறபடி நீ செய்ய வேண்டும் என்பதற்காக எழுதுவது. எனக்கு இப்போது மாடிப்படி ஏற முடிவதில்லை, கண் ஒன்று மங்கிவிட்டது. இன்னும் எத்தனை விஷயங்களை உன்னிடம் வற்புறுத்திக் கேட்பேன் என்று தெரியாது. இதைக் கேட்கிறேன்.

உன் அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். எம்.எஸ்சி. முடிவு வந்து, கணிதத்தில் ஆராய்ச்சி செய்ய உனக்கு இடமும் கிடைத்திருந்தது. உன் சித்தப்பா அப்போது பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். அண்ணன் இல்லாத வீட்டுக்குத் தானே பெரியவர் என்று முடிவு செய்துகொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு வந்தார். உன் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். செயலகத்திலிருந்து வந்ததும் உன் அப்பா ஷூவைக் கழற்ற உட்காரும் நாற்காலி அது; வேறு யாரும் அதில் உட்காருவதில்லை என்று தெரிந்த மனிதர் அவர். உட்கார்ந்து, வலது கையை விரித்து, எனக்கு முன்னால் நீட்டினார்.

"இங்க பாருங்க அண்ணி. கட்டை விரல், கம்ப்யூட்டர். இதுல பி.எச்டி. பண்றவனே இல்ல. பி.ஈ. முடிச்ச உடனே கம்பெனிக்காரன் அள்ளிட்டுப் போயிடறான். தப்பித் தவறி ஒருத்தன் டாக்டரேட் வாங்கினான்னு வைங்க, காலேஜ்காரன் வீட்டுக்கே வண்டி அனுப்புவான்." கட்டை விரலை மடக்கினார். "அடுத்தது பயோடெக்னாலஜி. வரப்போற நூற்றாண்டே அதுதான். பிரகாஷை அதுலதான் போடப் போறேன். படிச்சு முடிக்கறதுக்குள்ள வாசல்ல வந்து நிப்பாங்க. அப்புறம் கெமிஸ்ட்ரி. வாத்தியார் வேலை இல்லாட்டியும் மருந்துக் கம்பெனி இருக்கு. எகனாமிக்ஸ், சுமார். பேங்க்ல கூப்பிடுவான். கடைசியில ஹிஸ்டரி. ஒருத்தர் ரிட்டயர் ஆகணும், அந்த எடத்தை கவர்ன்மெண்ட் நிரப்பணும், அதுக்குள்ள இவனுக்குத் தலை நரைச்சிடும்." ஐந்து விரல்களும் மடங்கிவிட்டன. காபி டம்ளரோடு நின்றிருந்த நீ கேட்டாய், "மேத்ஸ், சித்தப்பா?" அவர் மூடியிருந்த கையை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். "அதுக்கு விரல் இல்லையேம்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "டியூஷன் எடுக்கலாம் அண்ணி. கல்யாணம் ஆனாலும் வீட்ல இருந்தே எடுக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் பாதிக்கு மேல் அன்றைக்குச் சரி. இதை ஒப்புக்கொள்ளாமல் நான் மேலே எழுதினால் கான்வென்டில் எனக்குப் பாடம் சொன்ன சிஸ்டர்கள் மன்னிக்க மாட்டார்கள். அரசுக் கல்லூரிகளில் கணிதத்துக்கு ஆள் எடுப்பது நின்றுபோயிருந்தது. உனக்கு முன்னால் படித்தவர்கள் டுடோரியல்களில் மணிக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு துறைக்கு எதிர்காலம் இருக்கிறதா இல்லையா என்பதில் யாரும் தவறு செய்யலாம். அதற்காக ஒருவர் மேல் கோபம் வைக்க மாட்டேன். அந்த நாற்காலிக்காகக்கூட வைக்க மாட்டேன். என் கோபம் உன் வைவா அன்றைக்குப் பிறந்தது.

உன் ஆராய்ச்சியை நான் புரிந்துகொண்டதில்லை. புரிந்த மாதிரி நடித்ததும் இல்லை. ஆனால் வைவா என்கிற அந்த வாய்மொழித் தேர்வு என்ன என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார், துறையே கூடி உட்காரும், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், அத்தனை பேருக்கும் டிபன் மாணவி வீட்டுச் செலவு. எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத இந்த வழக்கத்தை எல்லாரும் விதி போலவே பின்பற்றினார்கள். மற்ற வீட்டுக்காரர்கள் ஹோட்டலில் சொல்லிவிடுவார்கள். காராபாத், கேசரிபாத், ஒரு வாழைப்பழம். நீயும் அதையேதான் சொன்னாய். நான் கேட்கவில்லை. என் மகளின் தேர்வாளருக்குக் காகிதத் தட்டில் ஹோட்டல் எண்ணெய் போகக் கூடாது என்று பிடிவாதம் பிடித்தேன். விடியலிலேயே எழுந்து வெஜிடபிள் கட்லெட் செய்தேன், பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தந்த விதத்தில், ரஸ்க் தூளில் புரட்டி, ஒன்றுக்கொன்று அளவு மாறாமல். ஓரம் வெட்டிய வெள்ளரி சாண்ட்விச். துணி நாப்கின், உன் பாட்டி காலத்துப் பீங்கான் தட்டுகள். ஹோட்டலில் சொல்லியிருந்தால் உன் சித்தப்பாவுக்கு அந்த வாக்கியம் கிடைத்திருக்காது.

நீ நன்றாகப் பதில் சொன்னாய். வெளித் தேர்வாளர், மீசை நரைத்த அந்தத் தார்வாட்காரர், எழுந்து நின்று உன்னைப் பாராட்டினார். பிறகு எல்லாரும் நடைபாதைக்கு வந்தார்கள். நான் தட்டுகளோடு நின்றிருந்தேன். உன் சித்தப்பா விருந்தாளியாக வந்திருந்தார், சக பேராசிரியர் என்ற உரிமையில். ஒரு கட்லெட்டை எடுத்துக் கடித்தார், கண்ணை மூடினார், நடைபாதை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணி, இந்த டிபனுக்கே டாக்டர் பட்டம் குடுத்துடலாம். தீசிஸை யாரு படிக்கப் போறாங்க?" ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னார், தார்வாட்காரருக்குப் புரிய வேண்டும் என்று. எல்லாரும் சிரித்தார்கள். வருஷக்கணக்கில் நீ கண் விழித்து எழுதியது ஒரு கடி கட்லெட்டில் கரைந்துபோனதை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நானும் சிரித்தேன், பத்மா. பொது இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். என் முகம் என்னைக் கேட்காமல் சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்பைத்தான் திருப்பிக் கேட்கிறேன்.

அது அந்த நடைபாதையோடு முடிந்திருந்தால் இத்தனை வருஷம் சுமந்திருக்க மாட்டேன். நீண்ட காலம் கழித்து அரசுக் கல்லூரிகளுக்கு ஆள் எடுத்தார்கள், உன்னையும் அழைத்தார்கள். நீ எந்தப் புடவை கட்டிப் போனாய் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது. போய் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று சொன்னாய். குழுவில் ஒருவர் உன் விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம், "ஓ, நம்ம கட்லெட் டாக்டர்" என்றாராம். பிறகு உன்னைப் பார்த்து, "அம்மா சமைச்சாங்களா, நீங்களும் சமைப்பீங்களா?" என்று கேட்டாராம். கணிதத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி, அதையும் நீ பதில் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். அந்த வேலை உனக்குக் கிடைக்கவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம் என்று நீ எப்போதும் சொல்வாய். இருந்திருக்கலாம். அவற்றை அறிந்துகொள்ள எனக்கு ஆர்வம் வந்ததே இல்லை. அன்றைக்கு நீ அழவில்லை. "கட்லெட் இனிமே வேண்டாம்மா" என்று மட்டும் சொன்னாய். அதன் பிறகு நம் வீட்டில் கட்லெட் செய்யவில்லை.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். உன் வாயால் நீ அதை ஒரு நாளும் பெருமையாகச் சொன்னதில்லை என்பதால் நான் சொல்கிறேன். இந்த ஊரைச் சுற்றி, கனகபுரா ரோடு, மைசூர் ரோடு, ஓசூர் ரோடு என்று பார்த்த இடமெல்லாம் பொறியியல் கல்லூரிகள் முளைத்தன. மெக்கானிக்கல் படித்தால் கௌரவம் என்றார்கள், பிறகு எலெக்ட்ரானிக்ஸ் என்றார்கள், பிறகு கம்ப்யூட்டர் தவிர எதுவும் படிப்பே இல்லை என்றார்கள். கம்பெனிகள் ஆட்களை வேலையை விட்டு நீக்கி வீட்டுக்கு அனுப்பிய அந்த ஒன்றிரண்டு வருஷம் கம்ப்யூட்டரும் வேண்டாம், பயோடெக் போ என்றார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் வந்து உட்கார்ந்தது உன் வகுப்பில். கணிதம் இல்லாமல் ஒரு கல்லூரியையும் திறக்க முடியவில்லை. தற்காலிகமாகச் சேர்ந்தாய், நிரந்தரம் ஆனாய், இப்போது துறைத் தலைவர். சித்தப்பா கையில் விரல் கிடைக்காத படிப்பு.

அவர் மடக்கிய விரல்கள் என்ன ஆயின என்று நான் கவனித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன். வீட்டிலிருக்கும் கிழவிக்கு வேறென்ன வேலை. கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது. இன்றைக்கும் அதில் டாக்டர் பட்டம் வாங்கியவருக்குக் கல்லூரிகள் வண்டி அனுப்புகின்றன. மேல் வீட்டு வாடகைக்காரர் மகள் கெமிஸ்ட்ரியில் வாங்கிவிட்டு பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போகிறாள், சந்தோஷமாக இருக்கிறாள். ஹிஸ்டரிக்கு அவர் சொன்னபடி தலை நரைத்தது. தவறிப்போனது ஒரே விரல், அது தன் மகனுக்கென்று அவர் தேர்ந்தெடுத்த விரல். அந்தப் படிப்புக்கு ஆய்வுக்கூடம் வேண்டும், கருவி வேண்டும், அத்தனையும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். நம் கல்லூரிகள் பெயர்ப்பலகையில் பயோடெக்னாலஜி என்று எழுதிவிட்டு, எம்.டெக். முடித்த பிள்ளைகளைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொண்டன. பிரகாஷ் பட்டம் வாங்கி, அமெரிக்கா போய், ஒரு ஆய்வுக்கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று மாறி மாறித் தற்காலிகமாகவே இருந்து, திரும்பி வந்திருக்கிறான். அவன் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை உன் சித்தப்பா வந்தார். இதை நான் உன்னிடம் சொல்லவில்லை; சொல்லத் தொடங்குவதற்குள் நீ சங்கடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். ஆட்டோவில் வந்தார், கையில் ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும். உன் அப்பாவின் நாற்காலியை நான் படுக்கையறைக்கு மாற்றி வருஷங்கள் ஆகின்றன. அவர் கண் அதைத் தேடிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தது.

"உடம்பு எப்படி இருக்கு அண்ணி?"

"இருக்கு. என்ன விஷயம் தம்பி?"

"விஷயம்னு இல்ல. பிரகாஷுக்கு நம்ம பத்மா காலேஜ்ல இன்டர்வியூ வந்திருக்கு. கமிட்டியில பத்மாவும் இருக்கான்னு கேள்விப்பட்டேன்."

"அவன் படிப்புக்கு வாசல்ல வந்து நிப்பாங்கன்னு சொன்னீங்களே."

"காலம் மாறிப்போச்சு அண்ணி. அப்ப யாருக்குத் தெரியும்? எல்லாரும்தான் சொன்னாங்க."

"எல்லாரும் எங்க வீட்டுல வந்து சொல்லலியே தம்பி."

அவர் சிரித்தார். என் பேச்சை வேடிக்கையாக எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். "பத்மா ஒரு வார்த்தை சொன்னா போதும். நம்ம புள்ளை. நானும் அன்னிக்குக் கூட வரேன், அவளைப் பாத்த மாதிரியும் இருக்கும்."

அப்போது நான் கேட்டேன், "அவ வைவா அன்னிக்கு டிபன் நடந்ததே, ஞாபகம் இருக்கா?" ஒரு மனிதருக்கு நான் கொடுக்கக்கூடிய கடைசி வாய்ப்பு அது. அவர் முகம் குனிந்திருந்தால், ஒரு நொடி தயங்கியிருந்தால், இந்தக் கடிதம் இருந்திருக்காது. அவர் முகம் மலர்ந்தது. "மறக்க முடியுமா அண்ணி? அந்த கட்லெட்டு! டிபார்ட்மெண்ட்ல எத்தனை வருஷம் அதைப் பத்திப் பேசிட்டு இருந்தோம். எங்க போனாலும் சொல்லுவேன், எங்க அண்ணன் பொண்ணு கட்லெட் டாக்டர்னு."

அந்தப் பெயரை யார் வைத்தது என்று இத்தனை வருஷமும் ஊகித்துக்கொண்டிருந்தேன். அவரே சொல்லிவிட்டார், வெட்கமில்லாமல், பாசத்தோடு. நான் எழுந்து அவருக்கு இன்னொரு காபி போட்டேன். சர்க்கரை அளவாகப் போட்டேன். வாசல்வரை போய் அனுப்பி வைத்தேன்.

நீ சொல்லப்போவதெல்லாம் எனக்குத் தெரியும். பிரகாஷ் என்ன செய்தான், அவனுக்கும் அந்தப் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். ஒன்றுமில்லை. நல்ல பையன், கெட்டிக்காரன். அவன் தோற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு வேலை கிடைப்பதும் கிடைக்காததும் குழுவிலிருக்கும் மற்றவர்களின் பாடு. உறவுக்காரன் வருகிறபோது நீ விலக வேண்டும் என்பது விதி. விதியை மீறச் சொல்கிற அம்மா நான் இல்லை. நான் கேட்பது, எப்போது விலகுகிறாய் என்பது. போன வருஷம் உங்கள் இயற்பியல் துறைத் தலைவர், தன் மைத்துனர் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போய், அவர் முடிந்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தார் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். யாரும் அதைத் தவறென்று சொல்லவில்லை. பிறகு நீ மட்டும் ஏன் முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்து, லீவு போட்டு, வீட்டில் ஒளிந்துகொள்ள வேண்டும்? மற்ற விண்ணப்பதாரர்கள் என்ன பாவம் செய்தார்கள், உன்னைப் போல் ஒழுங்காகக் கேள்வி கேட்கிற ஒருவர் இல்லாமல் போக? சங்கடப்படாமல் இருக்க ஒதுங்கி ஒதுங்கி நிற்பது உன் அப்பாவிடமிருந்து உனக்கு வந்தது. நல்ல மனிதர். அவர் தம்பி அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆகவே வியாழக்கிழமை கல்லூரிக்குப் போ. நான் வாங்கித் தந்த சாம்பல் நிற மைசூர் சில்க்கைக் கட்டிக்கொள். மேஜைக்குப் பின்னால் உன் இடத்தில் உட்கார். முதல்வரிடம் காலையிலேயே வாயால் சொல்லி வை, பிரகாஷ் முறை வரும்போது எழுந்து போவேன் என்று. ஒளிவு மறைவு கூடாது. பெயரைக் கூப்பிடட்டும். அவன் உள்ளே வரட்டும், கதவு திறந்திருக்கட்டும், நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உன் சித்தப்பா உன்னை அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு தரம் பார்க்கட்டும். பார்த்து நிம்மதியாக மூச்சு விடட்டும். அப்போது எழு. நாற்காலியை ஓசைப்படாமல் பின்னால் தள்ளி எழு. என்னிடம் பள்ளியில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். "இவர் என் சித்தப்பா மகன், இவருக்கு நான் மதிப்பெண் போடுவது முறையல்ல" என்று சொல். பிரகாஷுக்கு வாழ்த்துச் சொல், மனதாரச் சொல். அறையை விட்டு வெளியே வா.

வெளியே டிபன் இருக்கும். குழுவுக்கும் வந்திருப்பவர்களுக்கும் அன்றைக்கு டிபன் நான் அனுப்புகிறேன். உங்கள் அட்டெண்டர் மஞ்சப்பாவிடம் பேசிவிட்டேன், காலையில் வந்து எடுத்துப் போகிறேன் என்றான். என்ன டிபன் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டான், சொன்னேன். "தும்ப சென்னாகிருத்தே அம்மா" என்றான், ரொம்ப நன்றாக இருக்கும் என்று, இன்னும் தின்று பார்க்காமலே. வாணலியின் முன் நிற்க எனக்கு இன்னும் கால் இருக்கிறது. ரஸ்க் தூள் வாங்கியாகிவிட்டது. பீங்கான் தட்டுகளைத் துடைத்து வைத்துவிட்டேன். நீ வேண்டாம் என்ற பிறகு இதுதான் முதல் தடவை, அதற்கு என்னை மன்னிக்க வேண்டியதில்லை.

ஒரு தட்டை நீயே எடுத்துக்கொண்டு போய் உன் சித்தப்பாவுக்குக் கொடு. பக்கத்தில் உட்கார். உள்ளே அவர் மகனைக் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் காது அங்கே இருக்கும். சாப்பிடச் சொல். பெரியவர், நீ சொன்னால் மறுக்க மாட்டார். ஒரு கடி கடிக்கட்டும். பெஞ்சில் காத்திருக்கிற மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, கோபமில்லாமல், உன் இனிமையான குரலில் சொல்: "டிபன் எப்படி இருக்கு சித்தப்பா? இதுக்கே வேலை குடுத்துடலாம். பயோடேட்டாவை யாரு படிக்கப் போறாங்க?"

சொல்லிவிட்டு உடனே எழுந்து போய்விடாதே. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இரு, அவர் சிரிக்கும் வரை.

உன் அம்மா